அளவு ஜாக்கெட்

என் ஓரகத்தி ஒரு சாதாரணக் காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தாலே எனக்கு வயிறு எரியும். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எரியும், அவ்வளவுதான். காலை ஏழே காலுக்கு நாவலூர் ஆபீஸ் வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். தோளில் மடிப்பு ஒன்றுகூடப் பிசகாமல், காதில் கறுப்பேற்றிய வெள்ளி ஜிமிக்கி ஆட, ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய வாட்ச் ஒன்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு இறங்குவாள். அந்த நேரத்தில் நான் நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் பால் பாக்கெட் எடுத்துக்கொண்டிருப்பேன். "வரேன்க்கா" என்பாள். "சரிம்மா" என்பேன். மனசுக்குள் என்ன சொல்வேன் என்பதை இங்கே எழுத முடியாது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் மாமனார் வாங்கிப் போட்ட மனையில் கட்டிய வீடு எங்களுடையது. கீழே நாங்கள், மாடியில் என் கொழுந்தனாரும் அவளும். கேட் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, மோட்டார் ஒன்று. அவள் என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். அவள் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் அட்மிஷன் படிவத்துக்கும் டி.சி.க்கும் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறேன்.

அவள் பணத்தைக் கொட்டி உடுத்துகிறவளாக இருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். ஊதாரி என்று ஒரு பெயர் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் வழியில்லை. ஏதாவது ஒரு விருது விழாவில் ஒரு நடிகை புதுசாக என்னத்தையோ கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். இரண்டே நாளில் என் ஓரகத்தி இருக்கிற துணியை வைத்து, பழைய துப்பட்டாவும் நாலு ஊக்கும் போட்டு, அதே மாதிரி ஒன்றைச் செய்துகொண்டு நிற்பாள். ஒருமுறை புடவையின் மேல் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தாள். "இன்னாம்மா, கண்டக்டர் வேலைக்குக் கிளம்பிட்டியா?" என்று கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். அடுத்த மாதம் எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு டீச்சர்கள் ஆறு பேர் புடவைமேல் பெல்ட்டோடு வந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் அதே மாதிரி கறுத்த ஜிமிக்கி ஒன்று வாங்கி, யாருக்கும் தெரியாமல் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனேன். மறுநாள் இரண்டு காதும் வீங்கிப் பணியாரம் ஆகிவிட்டன. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று மெதுவான குரலில் விசாரித்தார். வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். என் காது வீங்கியதற்கும் நான் அவளைத்தான் திட்டினேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். என்னால் தாங்க முடியாமல் போனது என் பெண் விஷயத்தில்தான்.

எனக்கு ஒரே பெண். பொத்தேரியில் காலேஜ் படித்தாள். பத்தாம் வகுப்பிலேயே சீப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் சித்தியிடம் தலை பின்னிக்கொள்ள ஆரம்பித்தவள். காலேஜ் சேர்ந்த பிறகு கேட்கவே வேண்டாம். ரயிலைவிட்டு இறங்கி வந்து, செருப்பைக் கீழே கழற்றிவிட்டு, நேராக மாடிக்குத்தான் போவாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, "சித்தி, இவங்க ஸ்டைலிஸ்ட்ட மாத்திட்டாங்கபோல, பாருங்களேன் இந்தக் கழுத்துக்கு இந்த மாலையா?" "ஐயய்யோ, யாருடி இத போட்டு விட்டது!" என்று ஒரே சிரிப்பு. நான் கீழேயிருந்து மூன்று முறை சாப்பிடக் கூப்பிட வேண்டும். வந்து உட்கார்ந்தால் என்னிடம் பேச அவளுக்கு இருந்தது மூன்று வார்த்தை. "ம்." "சரி." "சார்ஜர் எங்க?"

பெற்றது நான், பேசுவது அவளிடம். இதைச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் ஒருநாள் அழுதேன். "வீட்டுக்குள்ளதானே இருக்கா, வேற எங்கயாவது போனாளா?" என்றார். இந்த மனிதரிடம் போய்ச் சொன்னேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

கடைசி வருஷம் ஃபேர்வெல் வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஒரு நடிகை தன் தங்கையின் ரிசப்ஷனுக்கு அம்மாவுடைய பழைய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போய், போன் முழுக்க அந்தப் படமாகவே இருந்தது. உடனே ஊரில் உள்ள பெண்கள் எல்லாம் அம்மா பீரோவைக் குடைய ஆரம்பித்துவிட்டார்கள். என் மகள் வகுப்பிலும் கூடிப் பேசி முடிவெடுத்தார்களாம். ஃபேர்வெல்லுக்கு எல்லாரும் அவரவர் அம்மா புடவையைக் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். சாப்பிடும்போது அவள் இதைச் சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடவுளே, கண்ணைத் திறந்தாயா! அம்மா புடவை. சித்தி புடவை இல்லை, அத்தை புடவை இல்லை. அம்மா புடவை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து பீரோவைக் காலி செய்தேன். ஆபீசுக்குக் கட்டுகிற சிந்தெட்டிக் புடவைகளை ஒரு பக்கம் தள்ளினேன். கூரைப்புடவை மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்தது. அடியில் மயில்கழுத்துப் பச்சையில் ஒரு பட்டு. அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு எடுத்தது. அன்றைக்கு அதன் தலைப்பில்தான் அவள் வாயைத் துடைத்துவிட்டேன், கேக் க்ரீம் கறைகூட ஓரத்தில் லேசாக இருக்கிறது. இதுதான் என்று முடிவு செய்து மொட்டை மாடி நிழலில் உலர்த்தி, அயர்ன் செய்து, கட்டிலில் விரித்து வைத்தேன்.

வந்து பார்த்தாள். இரண்டு விரலால் பார்டரைத் தொட்டாள். "நல்லாருக்கும்மா" என்றாள். நகைக்கடையில் வாங்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவர்கள் சேல்ஸ்மேனிடம் சொல்வார்களே, அந்த "நல்லாருக்கு". எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, சித்தியோட ஐவரி டிஷ்யூ புடவை இருக்குல்ல? அத கட்டிக்கலாம்னு இருக்கேன்."

"அம்மா புடவைதான் கட்டணும்னு சொன்னே?"

"ஆமா. அம்மா புடவைன்னுதான் சொல்லப்போறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. ரயில் பாஸைத் தோழியிடம் கடன் வாங்குகிற மாதிரி அவ்வளவு லேசாகச் சொன்னாள். அந்தக் காலேஜ் முழுக்க அவரவர் அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்போகிறார்கள். என் மகள் மட்டும் என் பெயரைச் சொல்லிச் சித்தியைப் போட்டுக்கொண்டு போவாள். நான் வாயைத் திறந்து, "வேண்டாம்டி, எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். அன்றைக்குத் தேய்த்த குக்கர் புதுசு மாதிரி ஆகிவிட்டது.

சித்தி ஒல்லி, என் மகள் கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். அதனால் அந்தப் புடவைக்குப் புது ஜாக்கெட் தைக்க வேண்டியிருந்தது. ஓரகத்தி மெரூன் கலரில் ரா சில்க் வாங்கி வந்தாள். கழுத்து முன்னால் படகு மாதிரி ஏறியிருக்க வேண்டும், கை முழங்கை வரை, முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை வரிசையாகத் துணிப் பொத்தான் என்று ஒரு பேப்பரில் படமே வரைந்துவிட்டாள். துணி, படம், என் மகளின் அளவு ஜாக்கெட், மூன்றையும் ஒரு கவரில் போட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா, கேம்ப் ரோடு டெய்லர் உங்க பஸ் ஸ்டாப் பக்கத்துலதானே? குடுத்துடுறீங்களா?"

அளவு ஜாக்கெட் என்றால் நம் வீடுகளில் தெரியாதவர்கள் கிடையாது. டெய்லர் முன்னால் போய் நின்று டேப் வைத்து அளவு கொடுக்கிற பழக்கம் நமக்கு இல்லை. உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்று நமக்குப் பதிலாகக் கடைக்குப் போகும். அதைப் பார்த்து அவர் வெட்டித் தைத்துத் தருவார். ஆளை டெய்லர் வருஷக்கணக்கில் பார்த்தே இருக்க மாட்டார், ஜாக்கெட்டைத் தெரியும். ஓரகத்தி வைத்திருந்தது போன பொங்கலுக்குத் தைத்த நீல ஜாக்கெட். மகளுக்குக் கச்சிதமாக இருப்பது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை கவர் கட்டிலில் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. பீரோவின் கீழ்த்தட்டில் மகளுடைய மஞ்சள் ஜாக்கெட் ஒன்று கிடந்தது. பன்னிரண்டாம் வகுப்பு ஃபேர்வெல்லுக்குத் தைத்தது. அப்போது அவள் குச்சியாக இருப்பாள். நீலத்தை எடுத்தேன், மஞ்சளை வைத்தேன். என்னை அறியாமல் கை செய்துவிட்டது என்று எழுதலாம். பொய். நான்தான் செய்தேன், நன்றாக அறிந்தே செய்தேன். செய்துவிட்டுக் கவரின் வாயைப் பழையபடி மடித்தும் வைத்தேன்.

அதோடு விட்டேனா? தாம்பரத்தில் மேட்சிங் சென்டருக்குப் போய் அந்தப் பச்சைப் பட்டுக்கு ஒரு ஜாக்கெட் பிட் வாங்கினேன். நீல ஜாக்கெட்டோடு அதை இன்னொரு கவரில் போட்டேன். இரண்டு கவரையும் ஒரே டெய்லரிடம் கொண்டுபோனேன்.

டெய்லர் இரண்டு அளவு ஜாக்கெட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தார்.

"இன்னாக்கா, ரெண்டும் உன் பொண்ணுக்கா? ஒண்ணு ஸ்கூல் பொண்ணுது கணக்கா கீதே?"

"இது என் பொண்ணுக்கு. அது எங்க அக்கா பொண்ணுக்கு. ஸ்கூல் பொண்ணுதான்."

"ஸ்கூல் பொண்ணுக்கா இந்த டிசைனு? முதுகுல இவ்ளோ பட்டனு?"

"இந்தக் காலத்துப் பசங்க கேக்குதுங்க, நாம இன்னா பண்றது?"

"அதுவும் சர்தான். வளர்ற பொண்ணு, உள்ள கொஞ்சம் துணி வுட்டுத் தெக்கிறேன்க்கா."

"வேணாம். அளவு எப்படியோ அப்படியே தெச்சிடுங்க."

இருபத்திரண்டு வருஷமாக என்னைத் தெரிந்த மனுஷன். நான் சொன்னதை அப்படியே நம்பி, சாக்பீஸை எடுத்துக் குறித்துக்கொண்டார். எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும்போல இருந்தது, கேட்காமல் வந்துவிட்டேன்.

எந்த டெய்லர் சொன்ன நாளில் கொடுத்திருக்கிறார்? நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று இழுத்து, ஃபேர்வெல்லுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கொடுத்தார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. என்னுடைய கவரை அங்கேயே பிரித்து, நீல ஜாக்கெட்டை எடுத்துக் கைப்பைக்குள் பத்திரமாகத் திணித்தேன். ஓரகத்தியின் கவரில் ஸ்டேப்ளர் அடித்திருந்தது. பிரித்தால் தெரியும் என்று பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய் மாடியில் மேஜைமேல் வைத்துவிட்டேன். அன்றைக்கு ஆபீசில் ஏதோ அவசர வேலையாம், அவள் வர வெகு நேரம் ஆயிற்று. மகளும் ஃபேர்வெல் டான்ஸ் ரிகர்சல் முடிந்து களைத்து வந்து படுத்துவிட்டாள். யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் ஓரகத்தி ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். காலை ஆறரை மணிக்கு மகள் தலை வாரி மை தீட்டிக்கொள்ள மாடிக்குப் போனாள். நான் கீழே பச்சைப் புடவையையும் அதன் ஜாக்கெட்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்படியில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு தாயா என்று நீங்கள் கேட்கலாம். நானே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மா!" என்று அலறினாள். அந்த அவசரத்திலும் அவள் வாயில் வந்தது அம்மா. எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

முழங்கையைத் தாண்டிக் கை ஏறவில்லை. முதுகில் நாலு விரற்கடை இடைவெளி. ஓரகத்தி வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு, பிளேடால் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அழாதடா, மை கலையுது. உள்ள துணி இருந்தா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடலாம்" என்று பிரித்துப் பார்த்தாள். உள்ளே துணி இல்லை. நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே.

"ஏழே முக்கால் ஆயிடுச்சு சித்தி! எட்டேகால் ட்ரெயின்!" என்று மகள் தேம்பினாள்.

மிச்சத் துணி ஏதாவது டெய்லர் போட்டிருப்பாரா என்று ஓரகத்தி அந்தக் கவரைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். மஞ்சள் ஜாக்கெட் கட்டிலில் விழுந்தது.

தைத்த ஜாக்கெட்டோடு அளவு ஜாக்கெட்டையும் டெய்லர் திருப்பித் தருவார். பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற வழக்கம் இது. என் கவரில் இருந்ததை நானே எடுத்திருக்கிறேன். அந்தக் கவரிலும் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு சூழ்ச்சி செய்தவளுக்கு அந்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கத் துப்பில்லை.

"இது என் ட்வெல்த் பிளவுஸ்! இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?" என்றாள் மகள்.

ஓரகத்தி மஞ்சள் ஜாக்கெட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அயர்ன் செய்த பச்சைப் புடவையும், அதற்குப் பொருத்தமாகப் புதிதாய்த் தைத்த ஜாக்கெட்டும் கையில் தயாராக இருக்க, நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு துணியைப் பார்த்தால் எங்கே வெட்டினார்கள், எங்கே ஒட்டினார்கள் என்று சொல்லிவிடுகிறவள் அவள். இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லிவிடுவாள். இந்த நிமிஷத்தோடு என் பெண் எனக்கு இல்லை.

வாயிலிருந்து ஊக்குகளை எடுத்துவிட்டு அவள் சொன்னாள். "நான்தாண்டா. அவசரத்துல அளவு பிளவுஸ மாத்தி வெச்சுட்டேன்போல. ஸாரிடா."

"சித்தி! எப்படி சித்தி? இன்னிக்குப் போயி... இவ்ளோ நாளா பிளான் பண்ணி..." மகள் அந்த மெரூன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள். எறிந்துவிட்டு என் கையைப் பார்த்தாள். "இதுக்கு பிளவுஸ் இருக்காம்மா?"

"எதுக்கும் இருக்கட்டும்னு தெச்சு வெச்சேன்" என்றேன்.

பச்சை ஜாக்கெட் உடம்பில் வைத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. புடவையை நான்தான் கட்டிவிட்டேன். கொசுவம் சரியாக வரவில்லை, தோளில் மடிப்பு ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தது. ஓரகத்தியின் விரல்கள் துறுதுறுத்ததைப் பார்த்தேன். ஆனால் கிட்டே வரவில்லை. மகள் கண்ணாடியில் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், திரும்பி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "நல்லவேளை, நீ இருந்தேம்மா" என்றாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த கட்டிப்பிடிப்பு. அது திருட்டுச் சொத்து என்று தெரிந்தும் நான் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அவள் அப்பா பைக்கில் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினால், ஓரகத்தி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த மெரூன் ஜாக்கெட். பிரித்த தையல் நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"வேற இன்னா சொல்லச் சொல்றீங்க? அழுதுகிட்டே காலேஜுக்குப் போவணுமா அவ?" நிமிர்ந்து பார்க்கவில்லை. "என் மேல கோவம்னா நாலு நாள்ல போயிடும். உங்க மேலன்னா போவாது. நாம எல்லாம் ஒரே மோட்டார்ல தண்ணி பிடிக்கணும்க்கா."

கோபமாகத்தான் சொன்னாள். எழுந்து மேலே போய்க் கதவைக் கொஞ்சம் வேகமாகவே சாத்தினாள்.

அவளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அழவில்லை. எரிந்தது. உடுத்துவதில் ஜெயித்தாள், பேசுவதில் ஜெயித்தாள், இப்போது பெருந்தன்மையிலும் அவளே ஜெயித்துவிட்டாள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கு அந்தப் பொய் தோன்றியிருக்குமா? சத்தியமாகத் தோன்றியிருக்காது. ஊரைக் கூட்டியிருப்பேன்.

அப்புறம் நாலு நாள் எனக்கு ராஜ வாழ்க்கை. மகள் மாடிப்பக்கம் போகவில்லை. காலேஜும் முடிந்துவிட்டதால் நான் ஆபீஸ் விட்டு வந்தது முதல் என்னோடுதான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஃபேர்வெல் படங்களைக் காட்டினாள். "இந்தப் பச்சை இப்ப எங்கயும் கிடைக்காதாம்மா, எல்லாரும் கேட்டாங்க, உங்கம்மாவுக்குச் செம டேஸ்ட்டுன்னாங்க" என்றாள். எனக்குச் செம டேஸ்ட்டு! வெங்காயம் நறுக்கியபடி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். காலையில் ஓரகத்தி இறங்கி வருவாள். "வரேன்க்கா" என்பாள், எப்போதும்போலத்தான். சன்னல் பக்கம் மகளைத் தேடுவாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஓரகத்தி ஒரு நொடி நின்றுவிட்டுப் போவாள். மூன்றாம் நாள் ஜிமிக்கி போடாமல் வெறும் காதோடு போனாள். அதை நான் கவனித்தேன். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சோறும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மகள் எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்து, வாரி, மூன்றாகப் பிரித்துப் பாதி வரைக்கும் பின்னியிருந்தேன். மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அம்மா, சித்தி அத வேணும்னே பண்ணியிருப்பாங்களா?"

"எத?"

"பிளவுஸ். யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். அவங்க இந்த மாதிரி விஷயத்துல தப்பே பண்ண மாட்டாங்க. பொறாமையா இருக்குமோ? அவங்க புடவைய உன் புடவைன்னு சொல்றேன்னு சொன்னேன்ல, அதுல."

ஒப்புக்கு ஒரு "சே சே" சொன்னால் போதும். அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். அந்தச் சந்தேகம் பாட்டுக்கு உள்ளே கிடந்து வளரும், என் பெண் என்னோடே இருப்பாள். அந்த இரண்டு எழுத்தும் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டன. ஆனால் பொறாமை என்ற வார்த்தையை அவள் சித்தியைப் பற்றிச் சொன்னாளே, அது எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் நான் ஒருத்தி வயிறெரிந்து சேர்த்ததைத் தூக்கி அவள் தலையில் கட்டுவதா?

"பொறாமைதான்" என்றேன். "ஆனா அவளுக்கு இல்ல."

மகள் திரும்பினாள். பின்னல் என் கையிலிருந்து நழுவியது.

"மாத்தி வெச்சது நான். உள்ள துணி விட வேணாம்னு டெய்லர்கிட்ட சொன்னதும் நான்தான். உன் சித்திக்குத் தெரியும். பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு அவளுக்கு."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

"கட்டாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கட்டியிருக்க மாட்டேனேம்மா" என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்தாள். பாதிப் பின்னல் முதுகில் தொங்க, வெறுங்காலோடு படியேறிப் போனாள். மாடிக் கதவு திறந்தது. முதலில் பேச்சுக் குரல், பிறகு அழுகை, பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. சீப்பில் சுற்றியிருந்த முடியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தாள், தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோறு போடக் குனிந்தபோது அவள் முதுகைப் பார்த்தேன். நான் பாதி பின்னியிருந்ததை முழுசாக அவிழ்த்துவிட்டு, ஓரகத்தி முதலிலிருந்து பின்னிவிட்டிருந்தாள். ஒரு முடிகூடப் பிசகாத பின்னல். இவ்வளவுக்கும் பிறகு அந்த நேரத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான், வயிறு எரிந்ததும் அதைப் பார்த்துத்தான்.